மூன்று மாதம் கையில் இருக்கிறது, ஆச்சி

கேள்வி: என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேத்தி பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐந்தாம் மாதம் பெங்களூருக்குக் கொண்டுபோய் விடப் போகிறோம். நகை, வெள்ளிச் சாமான் எல்லாம் முறைப்படி வைக்கிறோம். அதோடு, காலத்துக்கும் நிற்கிற நல்ல குழந்தைப் புத்தகங்கள் ஒரு முப்பது, கெட்டி அட்டை போட்டதாக வைத்தால் சம்பந்தி வீட்டார் பார்வைக்கும் நிறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். மகளைச் சின்ன வயதிலேயே மலைப் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் விட்டுவிட்டோம். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் எல்லாம் இங்கிலீஷிலேயே இருக்கட்டும். பீட்டர் ராபிட் மாதிரி எது எது வாங்கலாம் என்று ஒரு பட்டியல் தாருங்கள்.
- ஒரு ஆயா, காரைக்குடி

பதில்:

முப்பது புத்தகப் பட்டியல் தர மாட்டேன், ஆச்சி.

"தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்" என்று எழுதிவிட்டு, அடுத்த சொல்லாக "அதனால்" போட்டு நேரே கடைக்குப் போய்விட்டீர்கள். அந்த "அதனால்" என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உங்கள் மகளுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னால், "அதனால்" என்று போட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போவீர்களா? முருங்கைக்கீரையும் ஆட்டுச் சுவரொட்டியுமாக வீடே அல்லோலகல்லோலப்படும். இருபத்தைந்து வருஷமாக ஒரு பெண்ணுக்குத் தாய்மொழி வாசிக்கத் தடுக்குகிறது. அது உங்களுக்குப் புத்தகம் வாங்குவதில் வந்த ஒரு சின்ன இடைஞ்சலாகத்தான் தெரிகிறது.

இதே கடிதம் தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது. எல்லோரும் எந்தப் புத்தகம் என்றுதான் கேட்கிறார்கள். யார் வாசித்துக் காட்டுவது என்று ஒருவரும் கேட்டதில்லை. கைக்குழந்தைக்கு வாங்கும் புத்தகத்தைக் குழந்தையா வாசிக்கப் போகிறது? பிறந்த குழந்தைக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அந்தத் தூரத்தில் இருப்பது அதைத் தூக்கி வைத்திருப்பவரின் முகம். அந்த முகத்திலிருந்து வருகிற குரல்தான் அதற்குப் புத்தகம்.

நீங்கள் கேட்ட பீட்டர் ராபிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கெட்டி அட்டைப் புத்தகமாகப் பிறந்ததில்லை. 1893-ல் பீட்ரிக்ஸ் பாட்டர், தனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த அம்மாளின் ஐந்து வயது மகன் நோயில் படுத்திருந்தான் என்று, நாலு முயல்குட்டிகளைப் பற்றிப் படம் போட்டு ஒரு கடிதம் எழுதினார். பிற்பாடு பதிப்பகங்கள் கைவிரித்தபோது 250 பிரதிகள் சொந்தக் காசில் அச்சடித்தார். 1902-ல்தான் ஒரு பதிப்பகம் அதை ஏற்று வெளியிட்டது. புத்தகம் சின்னப் பிள்ளைகளின் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிற அந்தப் புத்தகம், ஒரு பெரியவர் ஒரே ஒரு பிள்ளைக்காக உட்கார்ந்து தன் பேச்சில் எழுதியது. நீங்கள் கேட்பதோ பார்வைக்கு நிறைவான முப்பது.

சரி, இங்கிலீஷ் கதை இருக்கட்டும். காரைக்குடியிலிருந்து கார் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் இராயவரம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-ல் பிறந்த ஊர். பாங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு எழுதியவர். 1950-ல் குழந்தை எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கம் கூட்டியவர். அவருடைய 'மலரும் உள்ளம்' முதலில் வந்தது 1944-ல். அவரை இளம் வயதிலேயே தன் சக்தி காரியாலயம் என்ற பதிப்பகத்தில் சேர்த்துக்கொண்ட வை. கோவிந்தனும் அதே இராயவரம்தான். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் பாடுகிற பாட்டு நம் செட்டிநாட்டுச் செம்மண்ணிலிருந்து போயிருக்கிறது. இங்கே பிறந்த உங்கள் பேத்திக்கு அது கிடையாது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன்.

நம் வீடுகளில் பர்மாக் கணக்குப் பேரேடு பெட்டகத்தில் கிடைக்கும். கல்யாணச் சிட்டை கிடைக்கும், வெள்ளைக்காரன் காலத்து ரசீது கிடைக்கும். ஒரு குழந்தைப் பாட்டுப் புத்தகத்தைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், மற்றவர்கள் கழித்துப் போட்ட அச்சுத் தாளையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரில் நூலகமாக நிற்கிறது. காலத்துக்கும் நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது, அந்த ஆசை தப்பில்லை. ஆனால் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்த ஆளும் வீட்டில் நிற்க வேண்டாமா?

என் அப்பத்தா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மத்தியானம் வளவுத் தூணில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, பிள்ளையைக் காலில் போட்டு ஆட்டியபடியே விரல் வைத்து வாசிப்பார். பெரிய சொல் வந்தால் தடுக்கும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார். இன்றைக்கும் சில பாட்டுகள் எனக்கு அவர் தடுக்கிய இடத்தில் தடுக்கித்தான் வரும். அப்படி எழுத்துக் கூட்டி வாசித்தவரிடம்தான் எங்கள் வீட்டில் நாலு பிள்ளைகள் தமிழ் கற்றோம். உங்கள் மகளும் அதே நிலையில்தான் இருக்கிறாள். அது போதும், தொடங்கலாம்.

பிள்ளையைக் குளிப்பாட்ட, துணி துவைக்க ஆள் வைத்திருப்பீர்கள். இதற்கு ஆள் வைக்க முடியாது. மூன்று மாதம் இருக்கிறது. தினமும் கால் மணி நேரம், பிள்ளை விழித்துக் கிடக்கிற நேரமாகப் பார்த்து உட்காருங்கள். மகள் உடம்பு தேறட்டும். முதல் வாரம் அவள் படுத்தபடி கேட்டால் போதும், வாசிப்பது நீங்கள். அப்புறம் நீங்கள் ஒரு வரி, அவள் ஒரு வரி. வள்ளியப்பாவின் பாட்டு சின்னச் சின்ன வரி, எளிய சொல். எழுத்துக் கூட்டுபவர்களுக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் எனக்குத் தெரியாது. "இந்த வயதில் அ, ஆவா" என்று அவள் கூச்சப்படுவாள். அப்போது, ஹாஸ்டலில் விட்டது எங்கள் முடிவு, உன் குறை இல்லை என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆச்சி. அந்தச் சொல்லுக்காக அவள் வெகுகாலமாகக் காத்திருக்கலாம்.

மாப்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வருமா? அதை நீங்கள் எழுதவே இல்லை. தகப்பனுக்கு இதில் பங்கில்லை என்று நினைக்காதீர்கள். பிள்ளையைப் பார்க்க வருகிறபோது அவர் கையிலும் புத்தகத்தைக் கொடுங்கள்.

வாங்குவது ஆறேழு போதும். வள்ளியப்பா பாடல்கள். புதுச்சேரியில் இருந்த காலத்தில் பாரதி எழுதிய பாப்பா பாட்டு. கவிமணியின் 'மலரும் மாலையும்', அதில் குழந்தைப் பாடல்கள் இருக்கின்றன; இப்போது நீங்கள் வாசிக்கலாம், அவள் வளர்ந்து தானே வாசிக்கலாம். தூலிகா பதிப்பகத்தில் ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்து வருகிற படக்கதைகள் உண்டு. உங்கள் மகளுக்கு அது கைப்பிடி மாதிரி, இரண்டு வாங்குங்கள். பீட்டர் ராபிட்டும் ஒன்று இருக்கட்டும், சின்ன அளவில். ஐந்தாம் மாதம் பிள்ளை எதை எடுத்தாலும் வாயில் வைக்கும். அதன் கையில் கொடுப்பதற்கென்று பக்கமெல்லாம் தடித்த அட்டையில், முனை மழுங்கியதாக ஒன்று தனியாக. பட்டுப்புடவைக்குப் போடுகிற ஞாபகத்தில் புத்தகப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டுவிடாதீர்கள். கைக்குழந்தையின் சாமானுக்குள் அது ஆகாது, சில பிள்ளைகளுக்கு ரத்தத்தையே கெடுக்கும்.

பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவது போல, ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் யார் யாருக்கு, என்றைக்கு என்று எழுத வேண்டும். தமிழில். அதை உங்கள் மகளை எழுதச் சொல்லுங்கள். பிழை வந்தால் திருத்தாதீர்கள்.

சம்பந்தி வீட்டார் பார்வை என்கிறீர்கள். அவர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது உங்கள் மகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டை வாசிக்கட்டும். பெட்டியில் இருக்கிற மற்றதை அவர்கள் அப்புறம் பார்த்துக்கொள்வார்கள்.

பேத்திக்கு ஒரு வயது ஆனதும் அடுத்து என்ன புத்தகம் என்று எனக்கு எழுதுங்கள். அப்போது பட்டியல் தருகிறேன். ஆனால் அந்தக் கடிதம் உங்கள் மகளின் கையெழுத்தில் வர வேண்டும்.