தேவாலயமாக இருந்த கட்டடத்தில் பறை அடிக்கலாமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெளிநாட்டில் பழைய தேவாலயங்களைக் கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்களாமே, அது எப்படி நடந்தது? வடசென்னையில் முடியுமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: லண்டன் ஓல்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் செயின்ட் லூக்ஸின் கதையைச் சொன்னாலே போதும். 1733-இல் கட்டி முடித்த தேவாலயம் அது. அஸ்திவாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரு கட்டத்தில் உள்ளே ஆளை விட முடியாத நிலைக்கு வந்தது. கூரையைக் கழற்றிவிட்டார்கள். நாற்பது வருஷம் சுவர்களும் கோபுரமும் மட்டும் மழையில் நின்றன. பிறகு லண்டன் சிம்பனி இசைக்குழு அதைச் சீரமைத்து 2003-இல் திறந்தது. பழைய சுவர் மேல் புதுக் கூரையை ஏற்றினால் தாங்காது. அதனால் உள்ளே மரம்போலக் கிளைவிடும் எஃகுத் தூண்களை நிறுத்தி, பாரத்தை அவற்றிடம் கொடுத்தார்கள். நிலவறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் இருந்தன. அவற்றை முறையாக எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்த பிறகுதான் வேலையைத் தொடர முடிந்தது. இன்று அங்கே கச்சேரியும் ஒத்திகையும் நடக்கின்றன. அக்கம்பக்கத்து ஜனங்கள் இந்தோனேசிய கமலான் வாத்தியம் கற்கிறார்கள். அதே ஊரில் 1728-இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ், 1941 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்து, 1969-இல் இசையரங்காக மறுபடி திறந்தது.

நம் பக்கம் வந்தால், பூட்டிக் கிடப்பது வேறு, வழிபாட்டிலிருந்து விடுவித்தது வேறு. ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் தெருவில் 1772-ஆம் வருஷத்து ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. வழக்கமாக வரும் சபையார் இல்லை. ஆனாலும் அது தேவாலயம்தான், அதன் திருச்சபை பராமரிக்கிறது. கத்தோலிக்கக் கோயிலென்றால் திருச்சபைச் சட்டம் 1222-ஆம் பிரிவின்படி ஆயர் உத்தரவு தேவை. தகாத காரியங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. 1238-ஆம் பிரிவையும் பலர் கவனிப்பதில்லை: கட்டடத்தை வேறு காரியத்துக்கு விட்டாலும் பீடத்தின் புனிதம் போய்விடாது. ஆகவே பீடத்தை மேடையாக்கும் யோசனையே வேண்டாம். அதை எங்கே கொண்டுபோவது என்பதை முதல் பேச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்படியொரு ஹாலில் பறையும் கானாவும் வைத்துப் பார்த்தோம். ஒரு வார்த்தை புரியவில்லை, ஒரே இரைச்சல். பெரிய ஸ்பீக்கர் வைத்தால் சரியாகுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: ஆகாது, இன்னும் கெடும். இதன் பெயர் எதிர்முழக்கம். அடி நின்ற பிறகும் சத்தம் சுவருக்குச் சுவர் அலைந்து, அடுத்த அடியின் மேல் விழுகிறது. கணக்கு எளிது: கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஹாலின் மொத்த உறிஞ்சுதிறனால் (சுவர், தரை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து சத்தத்தை உள்வாங்கும் அளவு, சதுர மீட்டர் கணக்கில்) வகுத்தால் எத்தனை நொடி முழங்கும் என்று வரும். 24 மீட்டர் நீளம், 10 அகலம், 9 உயரம் என்றால் 2,160 கன மீட்டர். வெறும் சுண்ணாம்புச் சுவர், கல் தரை. உறிஞ்சுதிறன் சுமார் 55. ஆறு நொடிக்கு மேல் முழங்கும். பாடகர் குழு நீட்டிப் பாடும் கீர்த்தனைக்கு அது அழகு. கானாவில் வார்த்தைதான் உயிர். அதற்கு ஒன்றேகால் நொடியைத் தாண்டக் கூடாது.

ஒரு ஆள் ஏறக்குறைய 0.45 உறிஞ்சுவார். 200 பேர் வந்தால் முழக்கம் 2.4 நொடிக்கு இறங்கும். அதோடு 120 சதுர மீட்டர் கனத்த திரை போட்டால் 1.6. ஆனால் 30 பேரோடு ஒத்திகை பார்க்கும்போது அதே திரையிலும் 2.5 நொடி முழங்கும். ஒத்திகையில் கேட்டதை நம்பி நிகழ்ச்சியன்று தாளத்தை மாற்றிவிடாதீர்கள்.

திரையைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் பாதிப் பலன்தான். 10–15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அகலத்தைப்போல இரண்டு மடங்கு துணியில் மடிப்பு வைத்துத் தைக்க வேண்டும். ஜமுக்காளம் விரித்தால் மேல்ஸ்தாயி கொஞ்சம் அடங்கும், பறையின் அடிநாதம் அடங்காது. அதற்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையைச் சட்டத்தில் அடித்து, பின்னால் ஒரு சாண் காற்றிடம் விட்டு, மூலைகளில் நிறுத்துங்கள். பலகை அதிர்ந்து அந்தச் சத்தத்தைத் தின்றுவிடும். சுவரில் ஆணி அடிக்க வேண்டியதில்லை, நாளைக்கு எடுத்துவிடலாம். பெரிய ஸ்பீக்கர் இரண்டுக்குப் பதில் சின்ன ஸ்பீக்கர் ஆறு, ஜனங்களுக்குப் பக்கத்தில், கீழ்நோக்கி. மேடையிலிருந்து 12 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கருக்கு மிக்ஸரில் 35 மில்லி நொடி தாமதம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை கேட்கும்.

கேள்வி: சுவர் கீழே உப்பரித்துக் கொட்டுகிறது. சிமென்ட் பூசினோம், ஒரு வருஷத்தில் அதுவும் பெயர்ந்துவிட்டது.
– வாசகர், காசிமேடு

பதில்: சிமென்ட் பூசியதுதான் காரணம். பழைய செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரம் இழுத்து, சுண்ணாம்புப் பூச்சு வழியாக மூச்சு விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்ததும் ஈரம் மேலே ஏறி, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் தள்ளுகிறது. ஈரக்கோட்டுக்கு மேல் இரண்டடி வரை பூச்சைச் சுரண்டி, ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். பிறகு நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கடல் மணல் கலக்காத மணல் மூன்று பங்கு. மேலே எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளை மூன்று மெல்லிய கோட்டு போதும்.

கூரை மெட்ராஸ் டெரஸாக (மரவிட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய பாணிக் கூரை) இருந்தால் மரவிட்டத்தில் விளக்குகளைத் தொங்கவிடாதீர்கள். விட்டத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். ஈரமும் கரையானும் முதலில் பிடிப்பது அங்கேதான், கண்ணுக்குத் தெரியாது. சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விளக்குக்குத் தரையில் நிற்கும் ஸ்டாண்டு வையுங்கள்.

கேள்வி: அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள். ராத்திரி எத்தனை மணி வரை நடத்தலாம்?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, மூடிய அரங்கத்துக்கு விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45. ஆஸ்பத்திரி, பள்ளியிலிருந்து 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக இருந்தால் 50-உம் 40-உம்தான். புழுக்கத்துக்கு ஜன்னலைத் திறந்துவிட்டால் சத்தம் நேரே தெருவில்தான் விழும். பறை ஒத்திகையைச் சாயங்காலம் ஏழுக்குள் முடித்து, தெருப்பக்கத்து ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள்.