மொட்டை மாடி வானியல்: கேள்விகளும் பதில்களும்

டெலஸ்கோப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எதை வாங்கலாம்?" என்றுதான் முடிகின்றன. பல இடங்களில் என் பதில், "ஒன்றும் வாங்க வேண்டாம், இருப்பதைச் சரியாக நிறுத்துங்கள்" என்பதுதான். விலைப்பட்டியலை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி (சேலம்): மகளுக்கு 76/700 டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறது. நிலா நன்றாகத் தெரிகிறது, வியாழன் வெறும் கலங்கல். ஏமாந்துவிட்டேனா சார்?

பதில்: ஏமாற்றியது பெட்டி மட்டும்தான். 76 என்பது கண்ணாடியின் விட்டம், 700 குவியத் தூரம், இரண்டும் மி.மீ. கணக்கு. குவியத் தூரத்தை ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். 20 மி.மீ. போட்டால் 35, 4 மி.மீ. போட்டால் 175, அதோடு 3 மடங்கு பார்லோவையும் (உருப்பெருக்கத்தைக் கூட்டும் இடை லென்ஸ்) செருகினால் 525. கணக்கு சரிதான், பிம்பம்தான் வராது. மி.மீ.யில் விட்டம் எவ்வளவோ அதைப்போல் இரண்டு மடங்குதான் வரம்பு, உங்களுக்கு 150.

4 மி.மீ. ஐபீஸையும் பார்லோவையும் இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். 20 மி.மீ.யில் வியாழன் சின்ன வட்டமாகவும், அதன் இருபுறமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நான்கு நிலாக்கள் வரையும் தெரியும். பழகிய பிறகு ஒரு 10 மி.மீ. ப்ளாசல் வகை ஐபீஸ் வாங்கினால் 70 மடங்கு, சனியின் வளையத்துக்கு அது போதும். வாங்குமுன் ஃபோக்கசரின் (ஐபீஸைச் செருகும் பகுதி) துளையை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 31.7 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குலம் இருந்தால் கடையில் கிடைப்பவை பொருந்தும். 24.5 மி.மீ. என்றால் பழைய அளவு, அதற்கு நல்ல ஐபீஸ் கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது ஸ்டாண்ட் ஆட்டம். கால்களை நீட்டாமல் குட்டையாகவே வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டால் ஆட்டம் குறையும். ஃபைண்டரை (குழாயின் மேல் உள்ள குறிபார்க்கும் சிறு டெலஸ்கோப்) பகலிலேயே சரிசெய்ய வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்போன் டவரின் உச்சியை ஐபீஸின் நடுவில் நிறுத்தி, ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதே உச்சியைக் குறுக்குக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது.

கேள்வி (தஞ்சாவூர்): முதலில் பைனாகுலரா, 6 அங்குல டாப்சோனியனா?

பதில்: மிருகசீரிடம், கார்த்திகை, ரோகிணியை வானத்தில் கைகாட்டத் தெரியாதென்றால் 10×50 (10 மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர். தெரியுமென்றால் டாப்சோனியன், அதாவது எளிய பெட்டித் தாங்கியில் நிற்கும் கண்ணாடி டெலஸ்கோப். 20×80 பைனாகுலரை யாராவது சிபாரிசு செய்தால், டிரைபாடும் சேர்த்துத் தருகிறாரா என்று கேளுங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்க முடியாது.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): 8 அங்குல எஃப் 6 டாப்சோனியன். லேசர் வைத்து காலிமேஷன் (கண்ணாடிகளை நேர்ப்படுத்துவது) செய்தும் நட்சத்திரங்களுக்கு ஒரு பக்கம் வால் முளைத்தாற்போல் இருக்கிறது. கண்ணாடியே கோளாறா?

பதில்: கண்ணாடியைச் சந்தேகிக்குமுன் லேசரைச் சந்தேகியுங்கள். மலிவான லேசர்களில் ஒளிக்கற்றை உறையின் அச்சிலிருந்து விலகியே வரும். இரண்டு ஆணிகளுக்கு நடுவே லேசரைப் படுக்கவைத்து, 5 மீட்டர் தள்ளிச் சுவரில் விழும் புள்ளியைப் பார்த்தபடி உருட்டுங்கள். புள்ளி அசையாமல் நின்றால் நல்லது. வட்டம் போட்டால், லேசரின் பக்கவாட்டில் உள்ள மூன்று சிறு திருகுகளைத் திருப்பி வட்டம் புள்ளியாகும்வரை சரிசெய்ய வேண்டும். கற்றை கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வரிசை மாறாமல் செய்யுங்கள். குழாயைக் கிடைமட்டமாக வைப்பது முதல் வேலை. ஆலன் கீ கைநழுவினால் கீழே முதன்மைக் கண்ணாடிமேல் விழக் கூடாது. இரண்டாம் கண்ணாடியின் (குழாயின் வாயருகே உள்ள சின்னக் கண்ணாடி) மூன்று திருகுகளில் ஒன்றைத் தளர்த்திய பின்பே இன்னொன்றை இறுக்குங்கள். லேசர் புள்ளி முதன்மைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டியிருக்கும் வளையத்துக்குள் விழ வேண்டும். அடுத்து, அடியிலுள்ள பெரிய குமிழ்களைத் திருப்பித் திரும்பிவரும் கற்றையை லேசரின் சாய்ந்த முகத்தில் உள்ள துளையில் விழச் செய்யுங்கள். பூட்டுத் திருகுகளை இறுக்கும்போது கண்ணாடி நகரும். மெதுவாக இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். பலருக்கும் எல்லாம் சரியாகி, கடைசியில் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

இறுதித் தீர்ப்பு நட்சத்திரத்திடம். துருவ நட்சத்திரம் நகராது என்பதால் அதை வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள். சென்னையில் அது 13 பாகை உயரத்தில், அடிவானப் புழுதியில் கிடக்கிறது. தலைக்கு மேலே இருக்கும் இரண்டாம் ஒளித்தர (எண் கூடினால் ஒளி குறைவு) நட்சத்திரம் ஒன்றை 150 மடங்குக்கு மேல் வைத்து, ஃபோக்கஸை இம்மி விலக்குங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் முடிந்தது. ஃபோக்கசர் வழியாகப் பார்க்கையில் இரண்டாம் கண்ணாடியின் நிழல் முதன்மைக் கண்ணாடிப் பக்கம் சற்று ஒதுங்கித் தெரியும். அது இயல்பு, அதைத் திருத்தப் போகாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிம்பம் கொதித்தால் காரணம் உங்கள் மாடி. பகலில் காய்ந்த கான்கிரீட் இரவு பத்து மணிவரை வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும்.

கேள்வி (நாகப்பட்டினம்): அரை மணி நேரத்தில் எல்லாம் பனி பூத்துவிடுகிறது. ஐபீஸில் நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது. அந்துருண்டை போட்டு வைக்கலாமா?

பதில்: அந்துருண்டையும் வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். இரண்டும் ஆவியாகிக் கண்ணாடிமேல் படியும். அந்த நூல் பூஞ்சை. லென்ஸின் வெளிமுகத்தில் மட்டும் இருந்தால் லென்ஸ் துடைக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுக்கலாம். உள்ளே போயிருந்தால் அந்த ஐபீஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள்.

ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் கால் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும், மறுபடி பயன்படுத்தலாம்.

குழாயின் வாய்க்குக் கறுப்பு ஈவா ஷீட்டை (நுரைத் தாள்) சுருட்டி, குழாய் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு நீட்டிவிடுங்கள். மாட்டாத ஐபீஸ் சட்டைப் பையில் இருக்கட்டும், உடல் சூட்டில் பனி பிடிக்காது. பூத்த பனியைத் துணியால் துடைக்காதீர்கள். உப்பும் தூசும் சேர்ந்து பூச்சைக் கீறும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளி நின்று காட்டினால் போதும். டெலஸ்கோப்பை ஏசி அறையில் வைத்திருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் முதல் நிமிடத்திலேயே வியர்க்கும், ஏசி இல்லாத அறையே நல்லது. பார்த்து முடித்ததும் மூடியைப் போட்டு அடைப்பதுதான் பெரும் தவறு. வீட்டுக்குள் குழாயைப் படுக்கவைத்து, மூடியில்லாமல் மின்விசிறியடியில் காயவிட்டு, ஈரம் போன பின் மூடுங்கள்.

கேள்வி (காரைக்குடி): ஐயா, ரிஷப ராசிக்குச் சனி எப்படி இருக்கிறார்?

பதில்: 120 மடங்கில் மிக அழகாக இருக்கிறார். எல்லா ராசிக்காரர்களுக்கும்தான்.

கேள்வி (திருநெல்வேலி): அந்தச் சனியைப் பற்றித்தான். பழைய படங்களில் வளையம் அகலமாக இருக்கிறது, என் டெலஸ்கோப்பில் ஊசிபோல் தெரிந்தது. ஃபோக்கஸ் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. சனி சூரியனைச் சுற்ற சுமார் 29.5 ஆண்டு. அந்தச் சுற்றில் இரண்டு காலகட்டங்களில் வளையத்தின் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பும். கடைசியாக 2025 மார்ச் 23 அன்று அப்படி ஆனது. இப்போது ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டு போகிறது, 2032 வாக்கில் சுமார் 27 பாகைச் சாய்வில் முழுதாகத் திறக்கும். 1612இல் இதே நிலையில் பார்த்த கலிலியோவே, சனியின் பக்கத்தில் இருந்தவை எங்கே போயின என்று குழம்பினார். ஊசிபோல் தெரிந்ததைப் படமாக வரைந்து தேதி போட்டு வையுங்கள். அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டுகள் ஆகும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): என்னிடம் ஈக்குவடோரியல் மவுண்ட் (வானம் சுழலும் அச்சுக்கு இணையாக நிறுத்தும் தாங்கி) இருக்கு. துருவ நட்சத்திரம் பனைகளுக்குப் பின்னால் மறைஞ்சு போகுது. எப்படி நேர்ப்படுத்துறது?

பதில்: துருவம் தெரியாமலே செய்யலாம். உங்கள் ஊரில் அதன் உயரம் கிட்டத்தட்ட 9.7 பாகை. மவுண்டின் அச்சை அந்தச் சாய்வில் வையுங்கள், போனில் உள்ள சாய்வுமானி போதும். சில மவுண்டுகள் அவ்வளவு கீழே இறங்காது. அப்போது டிரைபாடின் வடக்குக் காலைக் குட்டையாக்கினால் அச்சு முன்பக்கம் சாயும். கவிழாமல் இருக்கப் பாரம் தொங்கவிடுங்கள். திசைகாட்டியை இரும்பிலிருந்து தள்ளிப் பிடித்து வடக்கைப் பாருங்கள், பிழை சுமார் 2 பாகைதான். கண்ணால் பார்ப்பதற்கு இவ்வளவே போதும்.

படம் எடுப்பதென்றால் நகர்வு முறை. உச்சிக்கோட்டுக்கும் (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு) வான நடுக்கோட்டுக்கும் (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் உள்ள கோடு) அருகில் உள்ள ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக்கோட்டு ஐபீஸில் வைத்து, மோட்டாரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. அதைத் திருத்திய பின் கிழக்கு அடிவானத்துக்கு அருகே ஒரு நட்சத்திரம். தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்வு, வடக்கே நகர்ந்தால் உயரம். ஐபீஸில் எது தெற்கு என்று குழப்பம் வந்தால் குழாயைத் தெற்குப் பக்கம் லேசாகத் தள்ளுங்கள், நட்சத்திரம் விலகிப் போகும் திசை வடக்கு. எடைக்கட்டித் தண்டு டிரைபாட் காலில் இடித்தால் நடுவில் ஒரு நீட்டிப்புத் தூண் போட வேண்டியதுதான்.

கேள்வி (ஓசூர்): ஓரியன் நெபுலா (விண்வெளி வாயு மேகம்) சாம்பலாகவே தெரிகிறது. ஃபில்டர் வாங்கினால் சிவப்பு தெரியுமா?

பதில்: தெரியாது. மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழிச் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. 8 அங்குலத்தில் லேசான பச்சை தட்டுப்படலாம். யு.எச்.சி. ஃபில்டர் நெபுலாவின் பின்னணியைக் கறுப்பாக்கித் தரும், கேலக்ஸிகளுக்கு அது உதவாது. அரை மணி நேரம் போனைப் பார்க்காமல் இருந்துவிட்டு, நெபுலாவுக்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை நிறுத்துங்கள். செலவில்லாத ஃபில்டர் இதுதான்.

கேள்வி (ஈரோடு): ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் டெலஸ்கோப்போடு வந்தது. பயன்படுத்தலாமா? எக்ஸ்ரே ஃபிலிம்?

பதில்: இரண்டும் கூடாது. அந்தச் சின்னக் கறுப்புக் கண்ணாடி குவியத்துக்கு அருகில் இருப்பதால் சூட்டில் வெடிக்கும், அடுத்த நொடி கண் போய்விடும். இன்றே குப்பையில் போடுங்கள். ஒளி அடர்த்தி 5 உள்ள சூரிய ஃபிலிமைக் குழாயின் முன்வாயில் மாட்ட வேண்டும். அது ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் விடும். ஒவ்வொரு முறையும் விளக்கின் முன் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள், காற்றில் கழன்று போகாதபடி டேப் ஒட்டுங்கள், ஃபைண்டரை மூடிவிடுங்கள். 2031 மே 21 அன்று கங்கணச் சூரிய கிரகணம் தென்னிந்தியா வழியாகவே போகிறது. அதுவரை சூரியப் புள்ளிகளில் பழகலாம்.

கேள்வி (தேனி): வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லாத, நமக்கென்றே ஏதாவது வானத்தில் உண்டா அண்ணா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஒமேகா செண்டாரி! நம் கண்ணுக்குத் தெரியும் கோளக் கொத்துகளிலேயே (உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டங்கள்) மிகப் பிரகாசமானது, ஏறக்குறைய முழுநிலா அகலம். லண்டனில் அது உதிப்பதே இல்லை. டெல்லியில் 14 பாகைக்கு மேல் ஏறாது. தேனியில் 32 பாகைக்கு ஏறுகிறது.

மே மாதப் பிற்பாதியில் இரவு ஒன்பதரை வாக்கில் சித்திரை நட்சத்திரம் உச்சிக்கோட்டைத் தொடும்போது அதிலிருந்து நேர் தெற்கே இறங்குங்கள். கையை நீட்டி மடக்கினால் ஒரு முஷ்டி 10 பாகை. மூன்றரை முஷ்டி இறங்கினால் பைனாகுலரில் உருண்டையான பஞ்சு தட்டுப்படும். 8 அங்குலத்தில் 100 மடங்கு வைத்தால் அந்தப் பஞ்சு தனித்தனி நட்சத்திரங்களாக உதிரும், விளிம்பிலிருந்து நடுவரை. அங்கிருந்து வடக்கே நாலரை பாகை ஏறினால் செண்டாரஸ் ஏ கேலக்ஸி. இருட்டான ஊரில் அதன் நடுவே ஓடும் தூசிப் பட்டையும் தெரியும். இதே மே மாதத்தில் தெற்கே தாழ்வாகத் தென் சிலுவை, அதற்கு முந்தைய மாதம் ஒன்பது மணிக்கு ஈட்டா கரினா நெபுலா, தை மாசியில் அகத்தியர் நட்சத்திரம். ஜவ்வாது மலையில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூர் சுமார் 12.6 பாகை அட்சத்தில் இருக்கிறது. தென் வானத்தின் பெரும்பகுதி அங்கே கிடைக்கும். உங்களுக்கு அதைவிட இரண்டரை பாகை கூடுதலாகவே கிடைக்கிறது.

கேள்வி (புதுக்கோட்டை): பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு வானம் காட்ட வேண்டும், கையில் ஒரே டாப்சோனியன். முடியுமா?

பதில்: ஒரு பிள்ளைக்கு 40 நொடி என்றால் 100 நிமிடம். முடியும், ஆனால் ஒரே ஒரு பொருள்தான். அமாவாசைக்குப் பின் ஏழிலிருந்து ஒன்பதாம் நாள் நிலா வையுங்கள், ஒளி நிழல் எல்லையில் பள்ளங்கள் எடுப்பாக இருக்கும். முழுநிலா வேண்டாம், தட்டையாக இருக்கும். 25 மி.மீ. ஐபீஸில் ஒரு பாகை அகலம் கிடைத்தால் பொருள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர நாலு நிமிடம் ஆகும், நடுவிலிருந்து என்றால் அதில் பாதி. இரண்டு பிள்ளைகளுக்கு ஒருமுறை நீங்கள் நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும். பிள்ளைகள் குழாயைப் பிடித்துத்தான் எட்டிப் பார்ப்பார்கள். பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலியின் முதுகைப் பக்கத்தில் வையுங்கள். "தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள், தெரியாவிட்டாலும் "தெரிகிறது" என்பார்கள். "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு பைனாகுலர் கொடுத்துவிட்டால் சலசலப்பு இருக்காது.

கேள்வி (திருப்பூர்): போனிலேயே வியாழனைப் படம் எடுக்கலாமா?

பதில்: புகைப்படம் வேண்டாம், வீடியோ எடுங்கள். ஐபீஸில் கவ்வும் போன் ஹோல்டர் ஒன்று வேண்டும். கோளின் மேல் விரலை அழுத்தி ஃபோக்கஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, பட்டைகள் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வியாழன் வேகமாகச் சுழல்வதால் விவரம் மழுங்கும். பிறகு ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் நல்ல சட்டகங்களைப் பொறுக்கி அடுக்கித் தரும்.

கேள்வி (வேலூர்): டெலஸ்கோப்பே இல்லை. ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: மாறொளி விண்மீன்கள், அதாவது ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்கள். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார், ஆக இது நம் ஊரில் பழைய வேலை. வெறுங்கண்ணுக்கு, பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள அல்கோல் நல்ல தொடக்கம். ஜனவரியில் மழை மேகம் ஓய்ந்தபின் இரவு எட்டரைக்கு வடக்கே உயரத்தில் இருக்கும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை 2.1 ஒளித்தரத்திலிருந்து 3.4க்கு மங்கும். மங்கித் தெளிய ஏறக்குறைய 10 மணி நேரம்.

ஒப்பிட ஆண்ட்ரோமிடாவின் காமா 2.1, பெர்சியஸின் எப்சிலான் 2.9, முக்கோணத்தின் ஆல்ஃபா 3.4. அல்கோல் முதல் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் 2.5 என்று எழுதுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ரோ பெர்சியை ஒப்பிட எடுக்காதீர்கள், அதுவே ஒளி மாறும் விண்மீன். ஒப்பிடும் நட்சத்திரம் மிகவும் தாழ்ந்திருந்தால் காற்று அதை மங்கலாகக் காட்டும், அதையும் தவிருங்கள். முந்தைய குறிப்பைப் பார்க்காமல் மதிப்பிட்டு, இந்திய நேரத்தில் ஐந்தரை மணி கழித்து உலக நேரமாகக் குறியுங்கள். மாறொளி விண்மீன்களைக் கவனிப்போரின் அமெரிக்கச் சங்கமான, 1911 முதல் இயங்கும் ஏ.ஏ.வி.எஸ்.ஓ. அமைப்பு வெறுங்கண் மதிப்பீடுகளையும் ஏற்றுக்கொள்கிறது. அரை மணிக்கு ஒரு மதிப்பீடு போதும்.