பழைய மியாட்டாவில் டிஃபரன்ஷியல் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

1990-களின் மாஸ்டா மியாட்டா கார், அடிக்கடி ஏற்காடு பயணம், பின்பக்கம் லேசான உறுமல். ஆயிலை நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். ஆனால் பேரிங்கோ கியர் பல்லோ தேய்ந்திருந்தால் புது ஆயில் உறுமலை நிறுத்தாது.

ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்ற விடுவது பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் இந்த டிஃபரன்ஷியல்தான். ஏற்றத்தில் அதற்குள் இருக்கும் கிரவுன், பினியன் கியர்களின் பற்கள் அழுத்தத்தோடு உரசிச் சுழல்வதால் ஜிஎல்-5 என்ற தரத்தில் 90 கிரேடு கியர் ஆயில் வேண்டும். அதையே கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். அதற்கு எந்தத் தரம் என்று கையேட்டைப் பாருங்கள்.

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு மலை அடிவாரம் வரை ஓட்டி வந்தால் ஆயில் சூடாகி நன்றாக வடியும். வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் சமமாக நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. மேலே இருக்கும் நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். இதுதான் மிக முக்கியம். கீழே வடித்த பிறகு மேல் போல்ட் துருவேறி அசையாமல் போனால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சகஜம். விரலில் குத்தும் இரும்புத் துண்டுகள் இருந்தால் ஹவுசிங்கைப் பிரித்தே பார்க்கணும். பிறகு கீழ் போல்ட்டை மூடி, மேல் துளையில் ஆயில் வழியத் தொடங்கும் வரை பம்ப்பால் ஏற்றுங்கள். ஒரு லிட்டர் வாங்கினால் போதும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது திருமணிமுத்தாற்றுக்குத்தான் போய்ச் சேரும். கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.