பாதியில் நிற்கும் குயில்ட்டை வீட்டாரோடு சேர்ந்து முடிப்பது எப்படி?

குயில்ட் என்பது ஒட்டுப்போட்ட மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் போர்வை. அதன் மேல் துணியை ஒட்டுப்போட்டு முடித்தும் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கிறது என்கிறீர்கள். பல குயில்ட்கள் நின்றுபோகும் இடமே அதுதான், ஏனென்றால் அடுத்த வேலையான அடுக்குகளைச் சேர்ப்பது ஒற்றை ஆளுக்குச் சிரமம்.

அடித்துணியை நாலு பக்கமும் சுமார் 4 அங்குலம் கூடுதலாக வெட்டி, நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரியுங்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துச் சுருக்கம் போக இழுத்து, ஓரங்களை டேப்பால் தரையில் ஒட்டிவிடுங்கள். விறைப்பாக இழுத்தால், டேப்பை எடுத்ததும் துணி சுருங்கிக்கொள்ளும். அதன்மேல் பஞ்சு விரிப்பு, அப்புறம் மேல் துணி. நடுவிலிருந்து வெளியே நகர்ந்தபடி, கையகலத்துக்கு ஒன்றாக மூன்று அடுக்கையும் சேர்த்து ஊக்கு குத்துங்கள். ஊக்குகளைத் திறந்து நீட்டும் வேலையைப் பெரிய பிள்ளைகளிடம் விடலாம். குட்டிகள் எப்படியும் நடுவில் வந்து படுத்துக்கொள்வார்கள்.

மெஷின் தையலும் நடுவிலிருந்தே. ஓரங்களை முதலில் தைத்தால் நடுவில் துணி கூடிக் கொசுவம் விழும். போர்வையின் கனத்தை ஒருவர் தாங்கிக்கொண்டால் ஊசி வளையாது, தையலும் நேராக ஓடும்.

கடைசியில் ஓரப்பட்டி. 2½ அங்குல அகலத் துணிப்பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கைத்தையல் போடுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து இருவர் தைக்கலாம். ஒருவர் தையல் நெருக்கமாகவும் மற்றவர் தையல் அகலமாகவும் இருந்தால் என்ன, பின்பக்கம்தானே!