நள்ளிரவில் ஊதும் ரயிலும் நகரசபைத் தீர்மானமும்

கேள்வி: ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு நகரில், சென்ற இலையுதிர்காலத்தில் வரிசை வீடு ஒன்றை வாங்கினோம். ஏறத்தாழ 300 மீற்றர் தூரத்தில் ரயில் கடவை இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் சரக்கு ரயில் நீளமாக ஊதிக்கொண்டு போகிறது. கைக்குழந்தையும் மாமியாரும் எழும்பிவிடுகிறார்கள். ‘அடுத்த வருடம் நகரசபை இதை நிறுத்திவிடும்’ என்று சொல்லித்தான் முகவர் வீட்டை விற்றார். இப்போது எங்கள் தெருவில் ஒருவர், வீட்டுக்கு 200 டொலர் வீதம் சேர்த்து, ஒலி அளவை அறிக்கை எடுத்து, ரயில் நிறுவனத்தின்மேல் முறையிடப் போவதாகச் சொல்கிறார். பணம் கொடுக்கலாமா? மூத்த மகன் அந்தக் கடவையைத் தாண்டித்தான் பள்ளிக்கு நடந்து போகிறான். ஊதல் நின்றால் அவனுக்கு ஆபத்து இல்லையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்த 200 டொலரைக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நகரசபையால் ஊதலை நிறுத்த வழி செய்ய முடியுமா என்றால் முடியும். கனடாவின் சட்டமே அதற்கு இடம் தருகிறது, மார்க்கம் போன்ற நகரங்கள் அதைச் செய்தும் இருக்கின்றன. உங்கள் நகரசபை அதைச் செய்யத்தான் வேண்டுமா என்பதற்கு என் பதில், கடவையைத் திருத்திவிட்டுச் செய்யட்டும், திருத்தாமல் செய்ய வேண்டாம் என்பதுதான். கடவைகளை ஆய்வு செய்வதே பல ஆண்டுகளாக என் தொழிலாக இருந்தது. ஊதலை நிறுத்துங்கள் என்று கேட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; கடவையைத் திருத்துங்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

ரயிலை ஓட்டுபவர் தன் விருப்பத்துக்கு ஊதுவதில்லை. கனடிய ரயில் இயக்க விதிகளின் 14ஆம் விதி, பொதுக் கடவை ஒவ்வொன்றுக்கும் முன்பாக இரண்டு நீளம், ஒரு குறுக்கம், மறுபடி ஒரு நீளம் என்று ஊத வேண்டும் என்கிறது. மணிக்கு 44 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் ரயில் கடவைக்குக் கால் மைல் முன்பிருந்தே ஊதத் தொடங்க வேண்டும். அதற்குக் குறைந்த வேகத்தில் வருவது, கடவையை அடைய 20 விநாடி இருக்கும்போது தொடங்க வேண்டும். இரண்டிலும் எஞ்சின் கடவையை முழுவதும் மூடும் வரை ஊதல் தொடர வேண்டும். கருவியும் மெல்லியதல்ல: எஞ்சினுக்கு முன்னால் 30 மீற்றர் தூரத்தில் குறைந்தது 96 டெசிபெல் கேட்க வேண்டும் என்பது அளவு. ஆகவே ‘இன்ன இரவில் வந்த ஓட்டுநர் வேண்டுமென்றே நீளமாக ஊதினார்’ என்று எழுதும் முறைப்பாடுகள் எங்கும் போய்ச் சேர்வதில்லை. ஊதாமல் விட்டால்தான் அவருக்கு விசாரணை.

இந்த விதியிலிருந்து உங்கள் பகுதியை விலக்கும் வழி, ரயில் பாதுகாப்புச் சட்டத்தின் 23.1ஆம் பிரிவில் இருக்கிறது. அதைப் படித்தால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் நகரசபை ரயில் நிறுவனத்துக்குக் கட்டளையிடுவதாக அதில் எங்கும் இல்லை. அந்த இடம் மத்திய அரசின் கடவை ஒழுங்குவிதிகள் (2014 நவம்பரில் நடைமுறைக்கு வந்தவை) கேட்கும் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். நகரசபை ரயில் நிறுவனத்தோடு கலந்தாலோசித்து, தொடர்புடைய அமைப்புகளுக்கு அறிவித்து, பொதுமக்களுக்கும் முன்னறிவித்தல் கொடுத்து, அதன் பிறகு ‘இங்கே ஊத வேண்டாம் என்பதற்கு நாங்கள் உடன்படுகிறோம்’ என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தகுதி இல்லாத இடத்தில் சபை ஒருமனதாகக் கை தூக்கினாலும் அன்றிரவும் ரயில் ஊதிக்கொண்டுதான் போகும்.

அந்தத் தகுதியை நுணுக்கங்களை விட்டுச் சொல்வதானால், ஒரே தண்டவாளமும் மிதமான வேகமும் உள்ள கடவைக்கு மின்னும் சிவப்பு விளக்கும் மணியும் பெரும்பாலும் போதும். இரண்டு தண்டவாளங்கள் இருந்தாலோ, மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ரயில் ஓடினாலோ, இறங்கும் தடுப்புக் கட்டைகளும் வேண்டும். வீதியை விட்டு ஒதுங்கி நடைபாதை தனியாகக் கடந்தால் அதையும் தனியாகப் பார்ப்பார்கள். இவை இல்லாத கடவையில் புதிதாக அமைக்கப் பல லட்சம் டொலர் செலவாகும். ஊதல் நிறுத்தத்துக்காகவே அமைப்பதென்றால் அது பெரும்பாலும் நகரசபையின் தலையில், அதாவது உங்கள் வீட்டு வரியில் வந்து விழும்.

விளக்கும் கட்டையும் சரியாக இருந்தும் விண்ணப்பம் தடுக்கி விழும் இன்னோர் இடம் வேலி. கடவையின் இரு பக்கமும் ஏறத்தாழ கால் மைல் தூரம், அனுமதியின்றி ஆட்கள் தண்டவாளத்தில் திரும்பத் திரும்ப நுழையும் இடமாக இருக்கக்கூடாது. பேருந்துத் தரிப்பிடத்துக்கோ கடைத்தொகுதிக்கோ குறுக்கு வழி வேண்டுமென்று யாரோ வெட்டிய ஓட்டை ஒன்று அநேகமாக எல்லா வேலியிலும் இருக்கிறது. ஊதலை நிறுத்தக் கோரும் மனுவில் கையெழுத்திட்டுவிட்டு அந்த ஓட்டையால் புகுந்து வீட்டுக்குப் போனவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இனி, யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கும் ஊதல் உங்கள் கடவைக்கானதுதானா? ஊதல் நிறுத்தம் ஒவ்வொரு கடவைக்கும் தனித்தனியாக வருவது. உங்கள் கடவையிலிருந்து அடுத்த கடவை 600 மீற்றர் தள்ளி இருக்கிறது, உங்கள் வீடு இரண்டுக்கும் நடுவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் மைல் என்பது ஏறத்தாழ 400 மீற்றர். அடுத்த கடவையை நோக்கிப் போகும் ரயில் (அது நான்கு மணி ரயில் என்று வைப்போம்), உங்கள் கடவையைத் தாண்டி 200 மீற்றர் போனதுமே ஊதத் தொடங்கி, உங்கள் படுக்கையறையை ஊதிக்கொண்டே கடந்து போகும். எதிர்த்திசையில் வரும் இரண்டு மணி ரயிலோ உங்கள் கடவைக்காக ஊதும். நகரசபை உங்கள் கடவையை மட்டும் தீர்மானத்தில் சேர்த்தால், இரண்டு மணி ரயில் மௌனமாகிவிடலாம். நான்கு மணி ரயில் பழையபடி குழந்தையை எழுப்பும். அப்போது தெருவே சேர்ந்து ‘தீர்மானத்தை ரயில் நிறுவனம் மீறுகிறது’ என்று கொதிக்கும், நிறுவனமோ விதிப்படிதான் நடந்திருக்கும். இப்படி ஒரு நகரத்தில் இரண்டு ஆண்டுகள் கடிதப் போர் நடந்ததை நான் அறிவேன். கடைசியில் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது பத்து நிமிடத்தில் விடயம் விளங்கியது. இதை நீங்களே சோதிக்கலாம். எப்படியும் விழித்திருக்கும் இரண்டு மூன்று இரவுகளில், ரயில் எந்தத் திசையில் போகிறது, ஊதல் எங்கே போய் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். எஞ்சின் கடவையை மூடியதும் ஊதல் நிற்கும் என்பதால், அது நிற்கும் இடத்திலுள்ள கடவைக்காகத்தான் ஊதியிருக்கிறார்கள். இரண்டு கடவைகள் என்றால் இரண்டையும் ஒரே கோரிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகனைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1984இல், தடுப்புக் கட்டையும் விளக்கும் மணியும் உள்ள கடவைகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஊதுவதைத் தடை செய்ய உள்ளூராட்சிகளுக்கு அனுமதி கொடுத்தது. அதன்பின் புளோரிடா கிழக்குக் கரை ரயில்பாதையில் இரவு மோதல்கள் ஏறத்தாழ மூன்று மடங்காகின. 1991இல் மத்திய ரயில் நிர்வாகம் அவசர ஆணை பிறப்பித்து ஊதலைத் திரும்பக் கொண்டுவந்தது. தடுப்புக் கட்டை இருந்தும் ஏன் இப்படி ஆனது? வீதியில் பாதியை மட்டும் மறிக்கும் கட்டையைச் சுற்றி, எதிர்த்தடத்தால் வளைந்து வாகனத்தை ஓட்டிப் போகலாம் என்பதுதான் காரணம். ஊதல் கேட்டால் அப்படி வளைபவர்களில் பலர் தயங்குவார்கள், கேட்காவிட்டால் தயங்கமாட்டார்கள். அதனால்தான் 2005இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி, ஊதல் இல்லாத வலயம் கேட்கும் ஊர்கள் பலவற்றில் வீதியின் நடுவே தடுப்புச் சுவரையோ, நான்கு பக்கமும் மறிக்கும் கட்டைகளையோ எதிர்பார்க்கிறது. கனடாவின் ஒழுங்குவிதி அந்த அளவுக்குப் போகவில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்: கடவையின் இரு பக்கமும் வீதி நடுவே சுமார் 30 மீற்றர் நீளத்துக்கு நடுத்தடுப்பு அமைப்பது, கட்டைகளை அமைப்பதோடு ஒப்பிட்டால் சிறிய செலவு.

நடந்து போகும் பிள்ளைக்கு உள்ள ஆபத்து வேறுவகையானது. இரட்டைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் போய் முடிந்ததும், மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் ஓடுவார்கள். எதிர்த்திசையில் வரும் இரண்டாவது ரயிலை முதலாவது மறைத்திருக்கும். காதில் பாட்டுக் கருவி செருகியிருந்தால் மணியும் அரைகுறைதான். ஊதல் நிற்கிறதோ இல்லையோ, மணி ஓய்ந்து விளக்கு அணைந்த பிறகுதான் கால் வைக்க வேண்டும் என்று அவனுக்கு இந்த வாரமே பழக்கிவிடுங்கள். தண்டவாளத்தில் ஆளோ வாகனமோ தெரிந்தால், தீர்மானம் இருந்தாலும் ஓட்டுநர் ஊதுவார், ஊதத்தான் வேண்டும்.

இப்போது அந்தப் பணத்துக்கு வருவோம். உங்கள் தெருக்காரர் நல்லெண்ணத்தோடு செய்பவராக இருக்கலாம், அவருக்குப் பின்னால் யாராவது ‘ஆலோசகர்’ இருக்கலாம். எதுவானாலும் விளைவு ஒன்றுதான். 23.1ஆம் பிரிவில் டெசிபெல் என்ற சொல்லே கிடையாது. உங்கள் முற்றத்தில் எத்தனை டெசிபெல் கேட்டாலும் கடவையின் தகுதி கூடவும் குறையவும் போவதில்லை. ஒலி அறிக்கை தேவைப்படுவது வேறு வகை முறைப்பாட்டுக்கு: ரயில் நிலையத்தில் பெட்டிகள் இடிபடும் சத்தம், நின்ற இடத்தில் இரவெல்லாம் இயங்கும் எஞ்சின், அதிர்வு போன்றவற்றை விசாரிக்கக் கனடியப் போக்குவரத்து முகமை இருக்கிறது. பாதுகாப்புக்காக ஊதும் ஊதல் அந்த முகமையின் வேலை அல்ல. அங்கே கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த இரண்டையும் குழப்பித்தான் இத்தகையவர்கள் பிழைக்கிறார்கள். நகரசபையிடம் ஊதல் நிறுத்தம் கோருவதற்கு ஒரு கடிதம் போதும், அதற்குக் கட்டணம் இல்லை. பொறியியலாளரின் பாதுகாப்பு ஆய்வு ஒன்று தேவைப்படும்தான். அதை அமர்த்த வேண்டியது நகரசபை. நீங்கள் தெருவாகக் காசு சேர்த்து எடுத்த அறிக்கையை அவர்கள் மேசையிலும் வைக்கமாட்டார்கள்.

வீட்டு முகவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இடம் போதாது. ‘அடுத்த வருடம் நிற்கும்’ என்ற வாக்கை அவர் எழுத்தில் தந்தாரா என்று பாருங்கள், தந்திருக்கமாட்டார். அதோடு உங்கள் கொள்வனவு ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். ரயில்பாதைக்கு 300 மீற்றருக்குள் கட்டப்படும் வீடுகளின் ஒப்பந்தங்களில், சத்தத்துக்கும் அதிர்வுக்கும் எதிர்கால விரிவாக்கத்துக்கும் ரயில் நிறுவனம் பொறுப்பேற்காது என்று ஓர் எச்சரிக்கை வாசகம் வழக்கமாகச் சேர்க்கப்படுகிறது. நம்மவர்களில் பலர் அடமான வட்டி வீதத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அந்த வாசகம் நகரசபையிடம் ஊதல் நிறுத்தம் கேட்பதைத் தடுக்காது. நட்டஈடு கேட்கலாம் என்று உங்களுக்கு யாரேனும் ஆசை காட்டினால் மட்டும் அதை நினைவில் வையுங்கள். தேர்தல் காலத்தில் ‘நான் வந்தால் முதல் நூறு நாட்களில் ஊதலை நிறுத்துவேன்’ என்று படலையைத் தட்டும் வேட்பாளரிடமும், எந்தக் கடவை, அதற்கு எந்த ஆண்டு வரவுசெலவில் பணம் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அநேகமாகத் துண்டுப் பிரசுரத்தைக் கையில் தந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

நேர்வழியும் இனிதல்ல என்பதை மறைக்க விரும்பவில்லை. நகரசபை ஊழியர் ரயில் நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்வார். நிறுவனம் நகரசபையின் ஆய்வறிக்கைக்குக் காத்திருப்பதாகச் சொல்லும். மத்திய போக்குவரத்துத் துறையோ இது உள்ளூர் விடயம் என்று இரண்டு பேரிடமும் உங்களைத் திருப்பி அனுப்பும். ஆய்வு முடிந்தால் காப்புறுதியும் சட்டப் பொறுப்பும் பற்றிய ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர்கள் மாதக்கணக்கில் தவணை போடுவார்கள். ஒரு கடவையில் விளக்கு எரிகிறதா, கட்டை இறங்குகிறதா என்று பார்க்க ஒரு பகல் போதும். அதற்கு மூன்று ஆண்டு எடுப்பதை எந்த விதியும் கேட்கவில்லை. இந்த இழுபறிக்குச் சட்டத்திலேயே ஒரு மருந்து இருக்கிறது, பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை: இடம் தகுதி பெற்றதா இல்லையா என்பதை மத்திய அமைச்சரே தீர்மானிக்கலாம், அந்த முடிவே இறுதியானது. நகரசபையும் நிறுவனமும் தகுதியில் உடன்படாவிட்டால் அதைக் கேட்கும்படி உங்கள் சபை உறுப்பினரை வற்புறுத்துங்கள்.

ஆகவே இந்த வாரம் நகரசபைச் செயலாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். கடவையின் வீதிப் பெயரையும், அடுத்த கடவையின் பெயரையும் எழுதுங்கள். இந்தக் கடவைகளுக்கு ஊதல் நிறுத்த ஆய்வு ஏற்கெனவே நடந்ததா, நடந்திருந்தால் எது குறையென்று கண்டார்கள், அதைத் திருத்த எவ்வளவு என்று மதிப்பிட்டார்கள், நடுத்தடுப்பு அதில் உண்டா என்று கேளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நடப்பதையும், வேலியில் ஓட்டை இருந்தால் அது எங்கே என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆய்வுக்கு வருபவர் எப்படியும் அதைக் கண்டுபிடிப்பார். தெருவில் கையெழுத்து வாங்குவதானால் இந்தக் கடிதத்துக்கு வாங்குங்கள், காசு வாங்காதீர்கள். திகதியோடு ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, ஆறு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள்.