சூ ஃபால்ஸ் ஸ்கைஃபோர்ஸ்: லீக் மூழ்கியும் மூழ்காத கூடைப்பந்து அணி

லீக் திவாலானால் அதில் ஆடும் சிறு அணியும் அழிந்துவிடுமா? பெரும்பாலும் ஆம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள சூ ஃபால்ஸ் நகரின் ஸ்கைஃபோர்ஸ் அணி ஒரு விதிவிலக்கு.

மைனர் லீக் அணி என்பது சம்பளத்துக்கு ஆடும் அணிதான். ஆனால் அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வுக்கு ஒரு படி கீழே. நாற்றங்கால் போன்றது, பயிர் தேறியதும் பிடுங்கி வேறு வயலில் நட்டுவிடுவார்கள். அதனால் நட்சத்திரங்கள் தங்குவதில்லை, டிக்கெட் வருமானமும் குறைவு. இத்தகைய லீகுகள் அடிக்கடி மூடப்படுவதற்கு இதுவே காரணம்.

1989இல் சிபிஏ என்ற மைனர் லீகில் பிறந்த ஸ்கைஃபோர்ஸ், 1996இல் கோப்பை வென்றது. 1999இல் அந்த லீகை முன்னாள் வீரர் ஐசையா தாமஸ் வாங்கினார். 2001இல் அது பருவத்தின் நடுவிலேயே நின்றுபோனது. மீண்டும் எழுந்த சிபிஏ-வில் 2005இல் இன்னொரு கோப்பை. மறு ஆண்டு, என்பிஏ நடத்தும் டி-லீகுக்கு (இன்றைய ஜி லீக்) அணி மாறியது. என் கணிப்பில், அணியைக் காப்பாற்றியது இந்த முடிவுதான். 2015-16 பருவத்தில் 50 ஆட்டங்களில் 40 வெற்றி, கூடவே கோப்பை. 2017இல் என்பிஏ அணியான மயாமி ஹீட், ஸ்கைஃபோர்ஸையே வாங்கிவிட்டது. டங்கன் ராபின்சன் என்ற வீரர் இங்கே ஆடிய பிறகு, 2020 என்பிஏ இறுதிப்போட்டியில் ஹீட்டுக்காக ஆடினார்.

ஸ்கைஃபோர்ஸ் வீரர்கள் எல்லோரும் ஹீட்டுக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஹீட்டுடன் தனி ஒப்பந்தம் இல்லாத வீரர்களை எந்த என்பிஏ அணியும் அழைத்துக்கொள்ளலாம்.