தியெ குவான்யின்: கேட்டதும் சொன்னதும்

இன்று தியெ குவான்யின் மட்டும். சீனாவில் ஃபூஜியான் மாகாணத்து அன்ஷி வட்டாரத்தின் ஊலாங் வகைத் தேயிலை. கேளுங்கள்.

கே: பால், சர்க்கரை எவ்வளவு?
ப: இரண்டும் வேண்டாம்.

கே: ஒரு ஸ்பூன் போட்டுக் கொதிக்க விட்டேன். ஒரே கசப்பு. எங்கே தப்பு?
ப: கொதிக்க விட்டதில்தான். 100 மில்லி பிடிக்கும் கைவானில், அதாவது மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில், 6, 7 கிராம் இலை போடுங்கள். உருண்டைகள் அடியில் கொஞ்சமாகத்தான் தெரியும். இன்னும் போடக் கை துறுதுறுக்கும், போடாதீர்கள். துணியில் மூட்டை கட்டித் திரும்பத் திரும்ப உருட்டிய இலை அது. மூன்றாம் தண்ணீருக்குள் விரிந்து மூடியை முட்டும். கொதித்த தண்ணீர் ஊற்றி 15, 20 விநாடியில் வடித்துவிடுங்கள். அப்புறம் அதே இலையில் மறுபடி, சில விநாடி கூட்டிக்கூட்டி. ஆறேழு முறை தாங்கும். வடித்ததும் மூடியின் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். ஆர்க்கிட் வாசனை என்கிறார்களே, அது அங்கேதான் ஒட்டியிருக்கும்.

கே: இலை பச்சையாக இருக்கிறது. க்ரீன் டீதானே?
ப: இல்லை. வாடிய இலையை மூங்கில் உருளையில் போட்டுக் குலுக்குவார்கள். ஓரம் நசுங்கி, காற்றுப் பட்டுச் சிவக்கும். முழுக்கச் சிவக்குமுன் சூடு காட்டி நிறுத்தினால் ஊலாங். உங்களுடையது சிங்ஷியாங், லேசான வகை. நன்றாக வறுத்தது நோங்ஷியாங். லேசானதைக் காற்றுப் புகாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே கிடந்தால் வாசனை போய்விடும்.

கே: முதல் தண்ணீரைக் கொட்டினால் பூச்சிமருந்து போய்விடுமாமே?
ப: ஐந்து விநாடியில் அதெல்லாம் போகாது. கொட்டுவது இலை விரியத் தொடங்கட்டும் என்றுதான்.

கே: காசு கொடுத்து வாங்கியதை ஏன் கொட்ட வேண்டும்? நான் குடிக்கிறேன்.
ப: குடியுங்கள். எனக்கு அந்தத் தண்ணீர் கோப்பையைச் சூடாக்க.

கே: முந்தைய கேள்வி கேட்டவன்தான். என் சீன நண்பர் கொட்டாமல் குடிக்கவே மாட்டாரே!
ப: கொட்டட்டும். அது அவர் வீட்டு வழக்கம். அதனால் மருந்து கழுவப்படுகிறது என்று ஆகாது. வறுத்த இலையில் தூள் இருந்தால் நானும் கொட்டுவேன். இதோடு விடுவோம்.

கே: பெயருக்கு என்ன கதை?
ப: 'தியெ' இரும்பு, குவான்யின் கருணைத் தெய்வம். கதை இரண்டு. அந்தத் தெய்வத்துக்கு நாள்தோறும் தேநீர் படைத்த வெய் என்ற விவசாயிக்குக் கனவில் செடி தெரிந்தது என்பது ஒன்று. வாங் என்ற படிப்பாளி கண்டெடுத்ததற்குச் சியான்லுங் பேரரசர் பெயர் வைத்தார் என்பது மற்றது. இரண்டும் அன்ஷியின் ஷிபிங் ஊர்ப்பக்கத்தில் நடப்பவை. எனக்கு விவசாயி கதைதான் பிடிக்கும்.

கே: எடை குறையுமா?
ப: மருத்துவரைக் கேளுங்கள்.

கே: டப்பாவை அடுப்பு மேடையில் வைக்கலாமா?
ப: ஃப்ரிட்ஜ் என்றேனே. மசாலா டப்பா பக்கத்தில் கூடவே கூடாது.

கே: கொஞ்சமாகப் பால்?
ப: முதல் பதில்.